புதன்கிழமை அழைப்புகள்

நேற்று என் போன் பில்லில் நான் கேட்காத சேவைக்கெல்லாம் கட்டணம் போட்டிருந்தார்கள். விசாரித்தபோது, "பட்டியலை வாசிக்கட்டுமா மேடம்?" என்றாள் மறுமுனையில் ஒரு பெண். எனக்கு அப்பாவோடு பார்த்த பழைய பட்டியல் ஒன்று ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வழக்கத்தைவிட நாலு மடங்கு போன் பில் வந்தது. "நம்ம யாருக்குப் பேசுதோம்? அம்புட்டும் தப்பு" என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பசையும் பழைய காகிதமும் மணக்கும் அறையில் எழுத்தர் பட்டியலை விரித்தார். புதன்கிழமைதோறும் மத்தியானம் ஒரே கோயம்புத்தூர் எண்.

"அந்த ஊர்ல எங்களுக்கு யாரும் கிடையாது சார்."

எழுத்தர் அந்த எண்ணைச் சுழற்றி ரிசீவரை அப்பாவிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கும் குரல் கேட்டது.

"அம்மாவா? அப்பா கடைக்குப் போயாச்சா?"

என் அக்கா. பிடித்தவனை மாதா கோவிலில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் செத்துவிட்டாள் என்றுதான் அப்பா மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

"செத்த இரும்மா, பிள்ள அழுவுதான்" என்றாள் அக்கா. பின்னால் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது.

அப்பா ரிசீவரை வைக்கக் கை வராமல் அப்படியே நின்றார். பிறகு, "பில்லு சரிதான் சார்" என்று கட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் ரசீதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

வீட்டு வாசலில் அம்மா காத்து நின்றாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கா?"

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.