ஆள் வராமல் வரும் மாத்திரை அட்டை

எங்கள் உடையார்பாளையத்தில் நோயாளி மருந்துக்கடைக்கு வரமாட்டார். அவருடைய காலி மாத்திரை அட்டைதான் வரும். சுற்றுக் கிராமங்களிலிருந்து இங்கே வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். வந்தவரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால், "எனக்கென்ன தெரியும், இதே மாத்திரையக் குடுங்க" என்பார்.

என் கடையின் மருந்தாளுநர் அனுசுயாவுக்கு இதுதான் தீராத எரிச்சல். பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு அவள் தொண்டை வற்றியதுதான் மிச்சம். "வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா!" என்று கிண்டலடித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கும் கோபம் வரும், அவள் மேல். வியாபாரம் செய்வதா, விசாரணை நடத்துவதா?

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முத்துசாமி வந்தார். மனைவி உண்ணாமலைக்கு முட்டிவலி மாத்திரை வேண்டுமாம்.

"எத்தனை நாளா சாப்பிடுறாங்க?"

"அது கெடக்கு, ஒரு வருசமா. நேத்தோட தீந்துபோச்சு, சீக்கிரம் குடும்மா, பஸ் போயிரும்."

"பிரஷர் மாத்திரையும் சாப்பிடுறாங்களா? கால் வீங்கியிருக்கா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. காலையிலகூட முந்திரிக்கொட்டை பொறுக்குனா."

"அண்ணே, அவங்களுக்குப் போனப் போடுங்க. நான் பேசுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள் அனுசுயா.

"குழி வுழுதும்மா," என்றது ஸ்பீக்கரில் உண்ணாமலையின் குரல். "பிரஷர் மாத்திரையும் போடுறேன். மெட்டி இறுக்குதுன்னு கழட்டியே இருவது நாளாச்சு."

முத்துசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெட்டியக் கழட்டிட்டியா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க எங்க என் காலப் பாத்தீங்க?"

மாத்திரை தரமாட்டேன் என்றாள் அனுசுயா. உடனே அரியலூருக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் திரும்பி வந்த முத்துசாமிக்குக் கண் கலங்கியிருந்தது. இரண்டு கிட்னியும் பாதிக்குமேல் கெட்டுவிட்டன. வலி மாத்திரையை இத்தனை நாள் விழுங்கியதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம்.

அனுசுயாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நான் ஒரு அட்டகூடக் குடுக்கலியே அண்ணே. ஒரு வருசமா எந்தப் பாவி குடுத்தான்?"

முத்துசாமி தயங்கித் தயங்கி என் பக்கம் பார்த்தார்.

"பாவின்னுல்லாம் சொல்லாதம்மா. நீ லீவு போடுற ஞாயித்துக்கெழமையில வந்து வாங்கிக்குவேன். சார் தங்கமான மனுசன், ஒண்ணுமே கேக்க மாட்டாரு."