மூன்றாம் வீட்டின் மேற்குச் சுவர்

பழவங்காடிக்கு அருகே ஒரு சந்தில் ஓட்டுக்கூரை வீடுகள் எட்டு ஒட்டி நிற்கின்றன. இரு வீடுகளுக்கு இடையே ஒரே சுவர். எட்டு வீடுகளுக்கும் ஒரே முகடு. ஒரு வீட்டில் ஓடு மாற்ற ஏறுபவர், இருபுறத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டே ஏற வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்.

அந்த வரிசை இன்றும் குலையாமல் நிற்பதற்கு, அங்கே ஒருநாளும் குடியிருந்திராத ஒருவர் காரணம். அவர் பெயர் தாணுமாலையன், வயது அறுபத்தொன்று. இளமையில் சுசீந்திரத்திலிருந்து வந்தவர். கட்டட அனுமதிக்குரிய வரைபடங்களை வரைந்து, உரிமம் பெற்றவர் என்ற முறையில் கையொப்பமிட்டுத் தருவது அவருடைய தொழில்.

மூன்றாம் வீட்டின் உரிமையாளர் ஸ்ரீகுமார் கழக்கூட்டத்தில் அடுக்குமாடியில் வசிக்கிறார். ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வீட்டை ஒரு நிறுவனத்துக்கு விற்க அவர் இசைந்தார். வீட்டை இடித்துவிட்டு, நான்கு மாடித் தங்கும் விடுதி கட்டுவது நிறுவனத்தின் திட்டம். அதன் மேலாளர் ஷிஜு சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பழைய வரைபடத்தோடு தாணுமாலையனிடம் வந்தார். 1998இல், ஸ்ரீகுமாரின் தந்தை பின்கட்டில் குளியலறை கட்டியபோது தாணுமாலையனே வரைந்தது அது.

“சேட்டா, புதுசா ஒண்ணும் வரைய வேண்டாம். இந்தப் பிளானை வச்சு, வீட்டை இடிக்கலாம்னு ஒரு கடிதம். ஒப்பு போட்டா மதி” என்றார் ஷிஜு, மலையாளம் கலந்த தமிழில். கையொப்பம் மட்டும் போதுமாம்.

அவ்வரைபடத்தில் இருபக்கச் சுவர்களும் முழுமையாக மூன்றாம் வீட்டுக்கே உரியவையாகக் காட்டப்பட்டிருந்தன. அது சரியென்றால், இடிப்பதால் அயல்வீட்டுக்குத் தீங்கில்லை. ஆனால், நேரில் அளக்காமல் கையொப்பமிடுவதில்லை என்பது தாணுமாலையன் பிற்காலத்தில் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. தாம் வரைந்ததே ஆயினும் அதற்கு விலக்கில்லை.

சாவி வாங்கி, கூரைக்கு அடியிலுள்ள மச்சில் ஏறினார். பலாமர உத்தரம் ஒன்று மேற்குச் சுவருக்குள் நுழைந்து மறைந்தது. அச்சுவருக்கு மறுபுறம், நான்காம் வீட்டில் தனியாக வசிப்பவர் பகவதி. தொலைபேசி நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தாணுமாலையன் அவர் வீட்டு மச்சிலும் ஏறிப் பார்த்தார். அதே உயரத்தில், அதே பருமனில் ஓர் உத்தரம் சுவரிலிருந்து வெளிப்பட்டது. ஐயம் தீரவேண்டுமே! பகவதியை அதன்மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் வீட்டுக்குச் சென்று மரச்சுத்தியலால் தட்டினார்.

“அதிருது, அண்ணே!” என்ற குரல் ஓட்டிடுக்கு வழியாக வந்தது.

இரு வீடுகளையும் தாங்குவது ஒரே மரம். மூன்றாம் வீட்டை இடித்தால், பகவதியின் கூரை பாதி இறங்கிவிடும்.

“அப்போ அன்னைக்குப் பிளான் வரைஞ்சப்போ இதை நீங்க பாக்கலியா?” என்று கேட்டார் பகவதி.

“நல்ல மழை. மச்சு நிறைய அண்டாவும் குண்டாவும். கீழ நின்னே அளந்துட்டேன்.”

“நல்ல காரியம்! சின்ன வயசுல ஏற மடி. இப்பம் முட்டுவலியோட ஏறுதிய.”

தாணுமாலையன் கையொப்பமிட மறுத்தார். ஷிஜு கோபப்படவில்லை.

“வேற ஆளு ஒப்பு போடும், சேட்டா. பழைய பிளான் எங்க கையில உண்டல்லோ. அது தெற்று, பிழைன்னு சேட்டனே எழுதிக் கொடுத்தா, சேட்டனோட லைசன்ஸ் அல்லே போகும்?”

அவர் சொன்னது உண்மை. வீட்டைக் காக்க ஒரே வழிதான் இருந்தது. அவ்வழியில் போனால் முப்பது ஆண்டுத் தொழிலுக்கு ஆபத்து.

தாணுமாலையன் பதினொரு நாள்களில் எட்டு வீடுகளையும் சுவர் சுவராக, உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்தார். அத்துடன் ஒரு கடிதமும் இணைத்து மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். “1998இல் நான் மச்சில் ஏறி அளக்கவில்லை. மேற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவையாகக் காட்டியது என் பிழை.” இதை எழுதும் நான் அக்கடிதத்தைப் படித்திருக்கிறேன். மழையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

விசாரணையின்போது மாநகராட்சிப் பொறியாளரான அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கு நடவடிக்கை உண்டாகும். அறியுமோ?”

“அறியும், மேடம்.”

“பின்னே எதுக்கு எழுதினீங்க?”

“உத்தரம் அங்கதான இருக்கு, மேடம்.”

அம்மையார் நேரில் வந்தார். தாமே சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எட்டு வீடுகளும் அமைப்பால் ஒரே கட்டடம் என்று குறித்து, இடிக்கும் அனுமதியை மறுத்தார். நிறுவனம் வேறிடம் தேடிச் சென்றது. தாணுமாலையனின் உரிமம் ஆறு மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறன்று ஸ்ரீகுமார் கோபத்தோடு வந்தார்.

“விக்கவும் முடியலை, ஒழுகவும் செய்யுது. இனி நான் என்ன செய்யணும், அண்ணாச்சி?”

“ஓட்டை மாத்தி, பின்கட்டைச் சரியாக்கினா வாடகைக்கு ஆள் வரும். பிளான் நான் வரைஞ்சு தாரேன். ஒப்பு மட்டும் ஆறு மாசம் கழிச்சு.”

“ஆறு மாசமா?”

பகவதி தம் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். “ஆறு வருஷம் பூட்டிப் போட்டவனுக்கு ஆறு மாசம் பெரிசோ?”

ஸ்ரீகுமார் சிரித்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

தாணுமாலையன் அன்றே பகவதியிடம் ஏணியைக் கேட்டு வாங்கினார். முதலில் மச்சில்தான் ஏறினார். ஒரு வாரத்தில் புதிய வரைபடம் முடிந்தது. மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும் இம்முறை அயல்வீடுகளுக்கும் பொதுவாகக் காட்டப்பட்டிருந்தன. அளவுகள் யாவும் குறிக்கப்பட்டிருந்தன. கீழ்மூலையில் கையொப்பத்துக்குரிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது.