போத்தலுக்குள் ஒரு கொடுவாக் குடும்பம்

போன வெள்ளிக்கிழமை ஒரு நல்ல காரியம் செய்தேன். ஒரு பெண்ணின் நாலு மாத உழைப்பு நாசமானது!

பிலிமத்தலாவையில் எங்கள் மாடியறையில் குடியிருக்கும் துளசி, மன்னார்ப் பிள்ளை. மீன்களின் பரம்பரையை ஆராய்கிறாள். புத்தளம் பக்கம் கூண்டில் வளர்த்த கொடுவா, கடலில் பிடித்த கொடுவா – இரண்டிலும் நகமளவு செட்டைத் துண்டு வெட்டி, குட்டிப் போத்தல்களில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, வியாழன் மாலை கொண்டு வந்தாள். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஆய்வுகூடம் பூட்டு. எங்கள் ஃப்ரிட்ஜில் வைக்கட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் மச்சம் ஆகாது. காலையில் பார்த்தால் ஒரு போத்தல் ஒழுகியிருக்கிறது... பூசைக்குப் பால் எடுக்க மனைவி வருவதற்குள், எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்து ஒரே பெட்டியில் அடுக்கிவிட்டேன். துணி நீலமானபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. போத்தல்களில் மார்க்கரால் எழுதியிருந்ததை ஸ்பிரிட் கரைத்துவிட்டது. எது கூண்டு, எது கடல்?

துளசி திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படி என்னதான் தேடுகிறாய் என்று கேட்டேன். கூண்டு மீன்கள் எல்லாம் நாலைந்து தாய்மீன்களின் பிள்ளைகளோ என்று அவளுக்குச் சந்தேகமாம். அப்படியானால் ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கலாம். அட... கண்டிச் சந்தையில் நான் செவுள் பார்த்துப் பொறுக்குவதெல்லாம், அண்ணன் வேண்டாம் தம்பியைக் கொடு என்கிற கதைதானா?

உடனே எனக்கு மூளை வேலை செய்தது. சோதித்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று சொந்தமாக இருப்பதெல்லாம் கூண்டு, மற்றது கடல் என்று எழுதிவிட்டால் முடிந்ததே!

துளசி அப்போதுதான் சிரித்தாள்.

"அதைத்தானே அங்கிள் நான் கண்டுபிடிக்க வேணும். விடையைப் பாத்து லேபல் ஒட்டிப்போட்டு, பிறகு அந்த லேபலை வச்சு விடை சரியெண்டு எழுத ஏலுமோ?"

யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

திங்கள் விடிய, முதலிலிருந்து தொடங்க மறுபடி புத்தளம் பஸ் ஏறினாள். இந்த முறை பென்சிலால் எழுதிய காகிதத் துண்டு போத்தலுக்குள்ளேயே போகும். ஸ்பிரிட்டில் பென்சில் அழியாதாம். பென்சில் பெட்டி என் உபயம்.

முதல் தொகுதிப் போத்தல்களோடு அவள் திரும்புவதும் ஒரு வெள்ளிக்கிழமை மாலைதான்; ஆய்வுகூடம் திங்கள்தான் திறக்கும். தயங்கித் தயங்கி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போத்தல் உள்ள இருக்கட்டுங்க. பாலை வெளிய வச்சுக்கலாம்."