ரெனிட்டா காத்து நின்ற செல்கள்

கணவன் எலியாஸ் அறைந்த முதல் அறையில் ரெனிட்டாவின் காதோரம் கிழிந்தது. அடுத்த அறைக்கு அவள் அடுப்பு மேடைமேல் போய் விழுந்தாள்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வராம இன்னாடி லேபு ஒனக்கு? எவன் காத்துனு இருக்கான் அங்க?"

"செல்லு காத்துனு இருக்குது" என்றாள் அவள்.

அவன் அவளுடைய செல்போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்து நொறுக்கினான்.

அவன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். மாதனூரில் வீடு. அது 2009. மனிதத் தோல் செல்லை எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்ற அங்கே முயன்றுகொண்டிருந்தார்கள். மாற்றும் மரபணுக்களை வைரஸில் ஏற்றித் தோல் செல்லுக்குள் அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டுதான் மாறும். இரண்டாகப் பிரியும் செல்லில் மட்டும்தான் அந்த வைரஸ் வேலை செய்யும். தட்டிலிருக்கும் செல்களோ ஆளுக்கொரு நேரத்தில் பிரியும்.

டாக்டர் ஆக்னஸ் ஒரு வழி சொன்னார். சீரம் என்கிற ஊட்டத்தைக் குறைத்துச் செல்களைப் பட்டினி போட்டால் எல்லாம் ஓய்ந்து ஒரே கட்டத்தில் நின்றுவிடும். திரும்ப சீரம் கொடுத்தால் ஒன்றாக எழுந்து பிரியக் கிளம்பும். அந்த நேரம் பார்த்து வைரஸ் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ரெனிட்டா சீரம் ஊற்றிவிட்டு வந்திருந்தாள். ஆக்னஸ் வெளியூரில் இருந்தார். இன்று தவறினால் செல்கள் மறுபடி சிதறிப்போகும்.

எலியாஸ் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். நாக்கில் ரத்தம் கரித்தது. அவன் அலறிக்கொண்டே அவளது சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் பிடி தளர்ந்த அந்த நொடியில் சாவியைப் பறித்துக் கதவைத் திறந்து ஓடி பஸ் ஏறினாள்.

லேபில் வீங்கிய விரல் கையுறைக்குள் நுழையவில்லை. துணியைக் கடித்துக்கொண்டு விரலை இழுத்து நேராக்கினாள். கண் இருட்டியது. சிறிது நேரம் கழித்துக் கையுறை மாட்டி, பட்டினி போட்ட தட்டுகளுக்கும், ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டினி போடாமல் விட்ட தட்டுகளுக்கும் வைரஸ் விட்டாள். இன்குபேட்டரில் அடுக்கிக் கதவை மூடும்போதே வெளியே கண்ணாடி உடைந்தது.

எலியாஸ் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்து நின்றான்.

"எங்கடி அவன்?"

"யாரும் இல்ல. வெளிய போ."

அவன் இன்குபேட்டர்மேல் கம்பியை ஓங்கினான். அவள் குறுக்கே விழுந்தாள். அடி தோளில் இறங்கியது. வலது கை தொங்கிப்போனது. இடது கையால் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையை இழுத்து அவன் முழங்காலில் வீசி அடித்தாள். அவன் சுருண்டு விழுந்த பிறகும் இன்னொரு முறை அடித்தாள். மூன்றாவதாக ஓங்கியபோது காவலாளி வாஹித் பாஷா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"போதும்மா, செத்துடுவான்!"

"சாவட்டும்" என்றாள். அப்போது அவள் உண்மையாகவே அதைத்தான் விரும்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்தாள். "கேஸ வாபஸ் வாங்கிடும்மா. புருஷன்னா கோவம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

"அடுத்த தபா என் பொணத்தத்தான் பாப்ப, பரவால்லியா?"

ரெனிட்டா கேஸை வாபஸ் வாங்கவில்லை. எலியாஸ் ஜெயிலுக்குப் போனான். ரெனிட்டா வேலூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய ஆக்னஸ் கவனித்துவந்த தட்டுகளில் சில வாரங்களில் கூட்டம்கூட்டமாக ஸ்டெம் செல்கள் முளைத்தன. பட்டினி போட்ட தட்டுகளில் அவை பல மடங்கு அதிகம்.

"ஒரு தடவ வந்தத நம்ப முடியாது. மறுபடி செய்யணும்" என்றார் ஆக்னஸ். "கை எப்படி இருக்கு?"

"வலது கை மேல தூக்க வரல டாக்டர். இடது கைல பழகிக்கிறேன்."

இரண்டாம் முறை வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை; ஆனாலும் இருந்தது. அன்று ரெனிட்டா மைக்ராஸ்கோப்பை விட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.