ஃபெத்தாவின் ஆண் அத்தி

எங்கள் ஜுர்ஜுரா மலையில் பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. மரத்தில் உண்டு. ஒருவன் நிலத்தில் இன்னொருத்தி மரம் நிற்கலாம். ஃபெத்தாவின் அப்பா இறந்ததும் வீடு, தோட்டம் எல்லாம் பெரியப்பா மகன் அரெஸ்கிக்குப் போயின. ஓடைப் பள்ளத்தில் நின்ற ஆண் அத்தியை மட்டும் அவன் அவள் பக்கம் தள்ளினான்.

"உனக்குத்தான் புருஷன் வாய்க்கலையே! இத வச்சுக்க. இதுவும் ஆம்பளதான்."

ஊர்ச்சபை மொத்தமும் சிரித்தது. ஆண் அத்தியின் காயை ஆடுகூட யோசித்துத்தான் தின்னும். கோடை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யும்படி அவளிடம் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் காய்க்குள்தான் பூச்சி பிறக்கிறது. கோடைத் தொடக்கத்தில் ஆண் காய்களைச் சரமாகக் கோத்துப் பெண் மரத்தில் தொங்கவிடுவோம். பூச்சி மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வந்து பெண் காய்க்குள் நுழைந்தால் பழம். நுழையாவிட்டால் காயெல்லாம் கொட்டிவிடும், உலர்த்தி வைக்கப் பழம் இருக்காது, குளிர்காலம் முழுக்க எண்ணெயில் தொட்டுத் தின்ன ரொட்டி மட்டும்தான். அந்த வருஷம் பார்த்து, பின்பனிக் காற்று மேட்டில் நின்ற ஆண் மரங்களின் பிஞ்சுகளைக் கருக்கிவிட்டது. பள்ளத்தில் ஒதுங்கி நின்ற ஃபெத்தாவின் மரம் மட்டும் தப்பியது.

சிரித்த வாய்கள் எல்லாம் கூடையோடு அவள் வாசலில் நின்றன, என்னுடையதும் சேர்த்து.

"காய் இருக்கு. எனக்கு வீடுதான் இல்ல. தெருவுல நின்னுக்கிட்டு எப்படிப் பறிச்சுக் குடுப்பேன்?" என்றாள்.

சபைத் தலைவர் லூனிஸ் தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழம சபை கூடட்டும்மா. பேசுவோம்."

"பூச்சிக்கு ஏதுண்ணே வெள்ளிக்கிழம? பொறந்தா பறந்துரும்."

ஒரு மதகைச் சரிசெய்ய இரண்டு வருஷம் பேசிய எங்கள் சபை அன்றைக்கே கூடியது. அரெஸ்கிக்கும் அத்தி மரங்கள் இருந்தன, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். "சரி. அந்த மரம் நிக்கிற வரைக்கும் வீடு அவளுக்கு." சபை சத்தியம் செய்தது.

கருகிய ஆண் மரங்கள் அதன்பின் தேறவே இல்லை, ஒவ்வொரு கோடையிலும் அவள் வாசலில் கூட்டம்தான். "என்னண்ணே, உங்க வீட்டு ஆம்பளைக்கு இந்த வருஷமும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுத்தான் கூடையை நிரப்புவாள். குளிர்காலத்தில் கவாத்து செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் நடுவதற்குக் கிளை கொடுத்தாள். அரெஸ்கி கேட்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒன்றை உருவிப் போய்த் தன் வேலியில் நட்டான். ஊரே பார்த்தது.

அந்தக் கன்று வளர்ந்து காய்த்ததும் அவனுக்குத் துளிர்விட்டுப் போயிற்று. ஓடைப் பள்ளத்து மரத்தை வெட்டி, வேரையும் தோண்டிப் போட்டான். சபை விதித்த அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டினான்.

"மரம் போச்சு. வீட்ட விடச் சொல்லுங்க."

அவன் செய்தது அநியாயம்தான். ஆனால் சத்தியம் சத்தியம்தானே. சபைக்குள் பெண் வரக்கூடாது என்பதால் ஃபெத்தா வாசலில் நின்றே கேட்டாள்.

"லூனிஸ் அண்ணே, அத்தி வெதையப் போட்டா என்ன மொளைக்கும்?"

"யாருக்குத் தெரியும்? ஆணோ பெண்ணோ, இனிப்போ சப்பையோ. அது வேற மரம்."

"கெளைய ஒடிச்சு நட்டா?"

"அதே மரம்தான். இதுகூடவா தெரி..." லூனிஸ் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப என் மரம் நிக்குது. உங்க வேலியில நிக்குது, அந்தா உக்காந்திருக்காரே, அவர் கிணத்தடியில நிக்குது. வெட்டுறவன் எல்லாத்தையும் வெட்டட்டும்."

சபை மொத்தமும் அரெஸ்கியைத் திரும்பிப் பார்த்தது. தன் மரத்திலும் கைவைத்துவிடுவானோ என்று ஒவ்வொருவரும் அவன் கையையே பார்த்தார்கள்.

"மொதல்ல உன் வேலியில இருந்து ஆரம்பிண்ணே. எங்க திருடி நட்டன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் ஃபெத்தா.

அவன் அரிவாளை எடுக்கவில்லை. அடுத்த கோடையில் அவன் தன் வேலியோரம் உட்கார்ந்து காய் கோத்துக்கொண்டிருந்தபோது, ஃபெத்தா தன் வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என் மரத்துக்குத் தண்ணி ஊத்துனியா?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "ஊத்துனேன்."