தேய்க்காமல் இருந்த பதினான்கு நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓணம் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று ஆரம்பித்தது இது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலை எனக்கு. வெயிலில் வந்த களைப்பில் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். மேல்வரிசையில் இடப்பக்கக் கடைவாயில் சுரீரென்று ஒரு வலி கிளம்பி காது வரை ஏறியது. கவுண்டருக்கு வெளியே நின்றவர் பயந்துபோய் என்னாச்சு என்று கேட்கிறார், நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கவுண்டரிலேயே கவிழ்ந்துகொண்டேன்.

அந்த இடத்தில் ஈறு மேலே ஏறிக்கொண்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். பல் நீளமாகிக்கொண்டே வருவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். சுத்தம் போதவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கல்யாணமாகி கரமனை அக்ரஹாரத்துக்கு நாட்டுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து, சுத்தம் என்றால் நான்தான் என்று ஒரு கர்வம். நான் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பல்லுக்கும் அதே கவனிப்புதான். காலையில் உமிக்கரியும் உப்பும், ராத்திரி கடையில் கிடைப்பதிலேயே விறைப்பான பிரஷ். ஈறு ஏற ஏற இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ரத்தம் வந்தால், கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்று சந்தோஷம் வேறு!

பல் மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர், வித்துராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஓர் இளம் பெண் டாக்டர். இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் வெளியே தெரிகிறது, இப்படியே போனால் இரண்டையும் எடுக்கவேண்டி வரும் என்றார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எடுக்க விடமாட்டேன், என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். உடனே ஒரு புது பிரஷ்ஷைக் கொடுத்து, வீட்டில் தேய்ப்பது போலவே தேய்த்துக் காட்டச் சொன்னார். நானும் கெட்டிக்காரி மாதிரி ஆரம்பித்தேன். நாலு இழுப்புகூட ஆகவில்லை, போதும் போதும் என்று மலையாளம் கலந்த தமிழில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதி, மதி! சேச்சி, இது பல்லு. பாத்திரம் இல்ல, கேட்டோ."

அவர் சிரிக்கவில்லை. "அழுக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே தேச்சுத் தேச்சு இல்லாம ஆக்கினதாக்கும் இந்த ஈறு" என்றார். சுத்தக்காரி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

சாதாரணமாக மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஈறில் வைப்பார்களாம். என் அண்ணத்தில் சதை மெல்லிசு. அதனால் வேறு வழி சொன்னார். கன்னத்துக்கு உள்ளே, பின்பக்கமாக எல்லோருக்கும் ஒரு கொழுப்புத் திட்டு உண்டு. அதில் கொஞ்சத்தை முன்னால் இழுத்து, வேரின்மேல் போர்த்தித் தைத்துவிட்டால், நாளடைவில் அதுவே ஈறாகிவிடும். எனக்கோ சின்ன வயதிலிருந்தே பூரிக் கன்னம், அதைக் கிள்ளிக் கிண்டல் செய்யாத உறவே கிடையாது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர், "ஸ்டாக்குக்கு ஒரு குறையும் இல்லை, தைரியமா போ" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். நூல் இழுபடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. முடிந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "என் வேலை தீர்ந்தது. பாக்கி சேச்சி கையில. பதினாலு நாள் அந்தப் பக்கம் பிரஷ் போகக் கூடாது. மருந்துத் தண்ணியால கொப்பளிச்சா மதி. கன்னத்தை இழுத்து வச்சு நோக்கவும் கூடாது." அதற்குமேல் என்னவோ சொன்னார். மரத்த வாயும் கலங்கிய தலையுமாக இருந்த எனக்கு அது ஏறவில்லை.

கஞ்சி குடித்தேன். வீங்கிய முகத்தோடு ஆபீஸும் போனேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. தேய்க்காமல் இருப்பதற்குள்தான் பிராணன் போயிற்று. நாக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும், உடம்பே கூசும். ஆறாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல், செய்யாதே என்றதைச் செய்தேன். கன்னத்தை இழுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். தைத்த இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பாலாடை மாதிரி படிந்திருந்தது. ஐயோ, சீழ் வைத்துவிட்டது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மெதுவாக ஒரே ஒரு தடவை இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றியது. பிரஷ் எப்படிக் கைக்கு வந்தது என்றே தெரியவில்லை.

அப்போது கண்ணாடியில் என் முழங்கை தெரிந்தது. அண்டா தேய்க்கத் தூக்குவது போலவே தூக்கியிருந்தேன். எனக்கே பயமாகிவிட்டது. கையை இறக்கினேன். அப்படியே போய் பிரஷ்ஷைக் கணவர் கையில் கொடுத்து, "இதை எங்கிட்டே தராதேங்கோ, கேட்டாலும் தராதேங்கோ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சட்டை மாத்திண்டு வரேன், நேரே டாக்டர்கிட்டேயே போயிடலாம்" என்றார்.

முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். டாக்டர் விளக்கைத் திருப்பி வெகு நேரம் பார்த்தார். "அழுக்கல்ல, சீழும் அல்ல சேச்சி. புது ஈறு வர்ற வழியாக்கும் இது. அன்னிக்கே பறஞ்சேனே! இதைத் தேச்சிருந்தா எல்லாம் பிரஷ்ஷோட வந்திருக்கும்" என்றார். நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். கன்னத்தை இழுத்துப் பார்த்ததையும் ஒப்புக்கொண்டு, அதற்கு அவரிடம் நன்றாகத் திட்டும் வாங்கிக்கொண்டேன்.

மிச்சம் எட்டு நாளும் அந்தப் பக்கம் நான் போகவில்லை. தையல் பிரித்து ஒரு மாதத்துக்குள் அந்த இடம் ரோஜா நிறத்துக்கு வந்தது. ஒரு பல்லில் வேர் லேசாகக் கீற்றுப்போல இன்னும் தெரிகிறது. இரண்டு பல்லும் என்னுடையவைதான், கெட்டியாக இருக்கின்றன.

எது சரியாகவில்லையோ அதை இன்னும் கொஞ்சம் அழுத்து என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே வழி. பிடிவாதம் இன்றைக்கும் குறையவில்லை, ஆனால் இத்தனை வருடத்தில் நான் பிடித்த பிடிவாதங்களிலேயே பெரியது எது என்று கேட்டால், அந்த ஆறாம் நாள் காலையில் தூக்கிய கையைக் கீழே இறக்கினேனே, அதைத்தான் சொல்வேன்.