தெயோலிந்தாவின் வலது கை

நாள் முழுக்கத் தன் தோளை உரசிக்கொண்டு கூழைக்கடாக்கள் நிற்கும் ஒருத்தி, பறவை பார்க்கக் கப்பலேறுவது எதற்கு?

புவெர்த்தோ அயோரா என்ற எங்கள் தீவு ஊரின் மீன் சந்தையில் அந்த ஜூலை மாதம் வேறு பேச்சே கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் கையோடு பதிலும் வைத்திருந்தார்கள். அதனால் அது கேள்வியாக இல்லாமல் கேலியாகத்தான் இருந்தது. நான் மட்டும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். சந்தைக்கு எதிரே தூண்டில் கடை வைத்திருக்கிறவனுக்குக் காலையில் படகுகள் போன பிறகு பெரிதாக வேலை இருக்காது.

தெயோலிந்தாவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் பிடிக்கும் என்று எழுத மாட்டேன். சூரை மீனை ஒழுங்காக வெட்டுவாள். தராசைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும், பார்க்காவிட்டால் நமக்கு நஷ்டம் வரும். அறுபது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், சிரிக்கும்போது சத்தமே வராது. அவளிடம் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது வலது கை.

அந்தக் கைக்குத் தனியாகக் கண் இருந்தது. இடது கை மீனைப் பிடித்திருக்கும், வாய் வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். வலது கையோ கத்தியை வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து, பின்னாலிருந்து வரும் கூழைக்கடாவின் அலகில் ஒன்று போட்டுவிட்டு, மறுபடி கத்தியை எடுத்துக்கொள்ளும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெரிய ஆண் கடற்சிங்கம் தினமும் படியேறி வந்து அவள் இடுப்பில் மோவாயைச் சாய்த்து நிற்கும். அதற்கு ஊரில் மேயர் என்று பெயர். சாப்பிட மட்டும் வரும், வேறு எந்தக் காரியத்துக்கும் வராது என்பதால். அதன் மூக்கை உள்ளங்கையால் தள்ளி, "மூஞ்சிய எடுடா" என்பாள். எடுக்காது. மறுபடி தள்ளுவாள். இப்படியே பத்து வருஷம்.

விலங்குகளைத் தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று தேசியப் பூங்காவின் அறிவிப்புப் பலகை சரியாக அவள் மேஜைக்கு மேலேதான் இருந்தது. அதன்மேல் எப்போதும் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கும்.

'மரெஹாதா' என்ற உல்லாசக் கப்பலின் முதலாளி, வருஷத்துக்கு ஒரு படுக்கையை உள்ளூர்க்காரர் ஒருவருக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார். உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கும் தீவுகளை இங்கேயே பிறந்தவர்கள் பாதிப் பேர் பார்த்ததில்லை, அது அவர் மனதை உறுத்தியதாம். தேவாலயத் திருவிழாவில் வாளிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். தெயோலிந்தாவின் பெயரை எழுதிப் போட்டது அவள் அண்ணன் மகள் யஹாய்ரா. அவள் அதே கப்பலில் வழிகாட்டி. அந்தச் சீட்டுத்தான் வந்தது. இரண்டாவதாக வந்தது மருந்துக்கடை தோன் லெயோவிகில்தோவின் பெயர். மரியாதைக்கு ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

மறுநாளே பூங்காக் காவலர் அகிலெஸ் சந்தைக்கு வந்தான். நல்ல பையன். சட்டத்தைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான், மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி.

"தோன்யா தெயோ, உங்க பேர்ல வந்த புகாரையெல்லாம் அடுக்கினா இந்த மேஜை உயரம் வரும்."

"கொண்டாந்து வச்சிட்டுப் போ. மேஜைக்கு ஒரு கால் ஆடுது."

"விளையாடாதீங்க. கப்பல்ல ஏத்திட்டு, அங்க போய் நீங்க ஏதாவது ஒண்ணை அடிச்சு வச்சா என் வேலை போயிடும். அதனால மேலிடத்துல பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம். கப்பல் கிளம்பற வரைக்கும் நீங்க ஒரு மிருகத்து மேலயும் கை வைக்கக் கூடாது. வச்சா, உங்க இடம் தோன் லெயோவிக்கு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் மேயர் மோவாயை அவள் இடுப்பில் வைத்தது. வலது கை எழுந்தது. கை அந்தரத்தில் நின்று, தலைமுடியைக் கோதிவிட்டுக் கீழே இறங்கியது.

"இப்பலேர்ந்தா?" என்றாள்.

"இப்பலேர்ந்து."

அவளுக்குப் போகவேண்டும் என்ற ஆசையே இருக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது தவறு. ஒரு காலையில் யஹாய்ரா அவளுக்குத் தொலைநோக்கி பழக்கிக்கொண்டிருந்தாள். தெயோலிந்தா அதைத் தலைகீழாகப் பிடித்து, "இந்த மேயர் இவ்ளோ தூரத்துல நின்னா எவ்ளோ நல்லாருக்கும்" என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உனக்கு அங்க போய் என்ன பாக்கணும்?"

"எஸ்பஞோலாத் தீவுல அல்பட்ராஸ் இருக்காமே. அது இங்க சந்தைக்கு வருமா?"

"வரவே வராது. முட்டையிட அந்தத் தீவுக்கு வரும், மத்த நாளெல்லாம் நடுக்கடல்தான். ஜோடி சேர அலகால அலகைத் தட்டிக்கிட்டு ஆடும் பாரு, பக்கத்துல மனுஷன் நின்னாலும் கண்டுக்காது."

"அதான் வேணும். எங்கிட்ட எதையும் கேக்காத ஒரு ஜந்துவ சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்."

பக்கத்து மேஜையில் களவா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த கிழவன் எலியொதோரோ தலையைத் தூக்கினான். "ஏன், என்னைப் பாரேன். நான் என்ன கேட்டேன்?"

"நேத்து உப்பு கேட்ட."

அன்றிலிருந்து தோன் லெயோவிகில்தோ தினமும் சந்தைக்கு வரத் தொடங்கினார். மனைவி மீன் சாப்பிடமாட்டாள், அவருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் இருக்கிறதிலேயே சின்ன மீனாக ஒன்றை வாங்கிக்கொண்டு, மதியம் வரை அங்கேயே நிற்பார். தலையில் கப்பல் பயணத்துக்கென்றே வாங்கிய புதுத் தொப்பி. விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"பாவம் அந்தப் பறவை, பசிக்குது போல" என்று சொல்லி, தன் மீனின் தலையைக் கிள்ளித் தெயோலிந்தாவின் காலடியில் நழுவவிடுவார். நாலு கூழைக்கடாவும் மேயரும் ஒரே நேரத்தில் பாயும்.

"தோன் லெயோவி, மிருகத்துக்குத் தீனி போடறதும் தப்புதான்" என்பாள், கையை மார்போடு கட்டிக்கொண்டு.

"போடலையே, விழுந்துடுச்சு."

"உங்க கடையில மாத்திரையும் இப்படித்தான் விழுமா?"

யஹாய்ரா துடைப்பக் கட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டி, 'இதுதான் ரெண்டு மீட்டர்' என்று கொடுத்துவிட்டுப் போனாள். மிருகம் நெருங்கினால் அத்தை அந்த அளவுக்குப் பின்வாங்க வேண்டும். மேயருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அது ஓரடி வந்தால் அவள் ஓரடி போனாள். ஒரு வாரத்தில் மேஜைக்குப் பின்னால், அவள் இடத்தில் மேயரும், மீன் வாங்க வந்தவர்களின் பக்கம் தெயோலிந்தாவும் நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கடற்சிங்கம் மீன் விற்பதுபோலவும் அவள் பேரம் பேசுவதுபோலவும் இருந்தது.

சறுக்கல் ஒன்று நடக்கத்தான் செய்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாரோ மீதிச் சில்லறை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது, ஒரு கூழைக்கடா அவள் கூந்தலையே மீன்குடல் என்று நினைத்துப் பிடித்து இழுத்துவிட்டது. வலது கை ஈரத்துணியோடு கிளம்பிவிட்டது. பாதி வழியில் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை, திருப்ப மட்டும் முடிந்தது. பளீரென்று எலியொதோரோவின் பிடரியில் விழுந்தது.

"அடிச்சாங்க! பாத்தீங்கல்ல? அடிச்சாங்க!" தோன் லெயோவி மீனைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளினார்.

அகிலெஸ் வரவழைக்கப்பட்டான். தொப்பியைக் கழற்றினான். எலியொதோரோவின் கழுத்தைக் குனிந்து பார்த்தான்.

"எலியொதோரோ பாதுகாக்கப்பட்ட இனம் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

நீச்சல் உடை வந்தது இன்னொரு நாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், நீந்தத் தெரியாது. யஹாய்ரா விடவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீரில் மிதந்தால் போதும், ரப்பர் உடையே தூக்கிப் பிடிக்கும் என்றாள். ஐஸ் கிடங்குக்குப் பின்னால் மூன்று பெண்கள் சேர்ந்து அவளை அந்த உடைக்குள் ஏற்றினார்கள். தோலுரித்த மீனைத் திரும்பத் தோலுக்குள் போடுகிற வேலை. வெளியே வந்தபோது கறுத்து, ஈரமாக மின்னிக்கொண்டு நின்றாள். மேயர் தலையை உயர்த்தி அவளை வெகு நேரம் பார்த்தது, பிறகு தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒதுங்கி வழிவிட்டது. போட்டி மேயர் வந்துவிட்டதாக நினைத்திருக்கும்.

கடைசியாகப் பை. ஒரு தீவின் விதையோ பூச்சியோ இன்னொரு தீவுக்குப் போகக்கூடாது, அதனால் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். செருப்பின் அடியைக்கூடப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். யஹாய்ரா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"கொய்யாப் பழமா? விதை இருக்கு அத்தை, கூடாது."

"முழுங்கிடறேன்."

"முழுங்கினாலும் விதைதானே! இது என்ன, எலுமிச்சைப்புல்லு வேரோடவா?"

"கப்பல்ல டீ நல்லா இருக்காதாம்."

"யார் சொன்னா?"

"எலியொதோரோ."

"அவர் எந்தக் கப்பல்ல போனாரு? இது? சீஸ் வச்ச வாழைக்காய் உருண்டையா? அங்க மூணு வேளை சாப்பாடு போடுவாங்க அத்தை!"

"போட்டா சாப்பிடறேன். இது நடுவுல."

பையில் மிஞ்சியது இரண்டு கவுன், அந்த ரப்பர் உடை, மாதா படம் ஒன்று. மாதாவின் சட்டத்தையும் பிரஷால் தேய்த்தார்கள்.

கிளம்பும் நாள் காலையில் தூறல். படகுத்துறையில் வெளிநாட்டுப் பயணிகள் பதினைந்து பேர், கப்பல் தலைவர், யஹாய்ரா, அகிலெஸ், மற்றும் மீன் சந்தை முழுவதும். தோன் லெயோவியும் வந்திருந்தார், தொப்பியோடும் ஒரு சிறிய பெட்டியோடும். எதற்கும் இருக்கட்டும் என்று.

அன்று நடந்ததைப் பற்றி அவளிடம் பிறகு பலரும் கேட்டார்கள். நானும் கேட்டேன், இரண்டு முறை. இரண்டு முறையும் அன்றைய மீன் விலையைச் சொன்னாள். எனக்கு ஒரு விளக்கம் உண்டு, ஆனால் அது என்னுடையது, அதனால் அதை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

துறையிலிருந்து மிதவை மேடைக்கு ஒரு சரிவுப் பலகை இறங்கும். இருபக்கமும் கைப்பிடி, ஓர் ஆள் போகும் அகலம். அங்கிருந்துதான் ரப்பர் படகில் ஏறிக் கப்பலுக்குப் போகவேண்டும். பக்கத்து மேடையைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள், வேறு வழி இல்லை. அந்தப் பலகையின் நடுவில் குறுக்காக ஒரு பெண் கடற்சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வருகிற கூட்டத்தில் ஒன்றல்ல. யாருக்கும் தெரியாத, யாரிடமும் மீன் கேட்டு வராத ஒன்று.

முதல் அரை மணி நேரம் பயணிகள் படம் எடுத்தார்கள். பிறகு கடிகாரம் பார்த்தார்கள். அகிலெஸ் கைதட்டிப் பார்த்தான். பாராட்டுகிறான் என்று நினைத்துப் பயணிகளும் தட்டினார்கள். கடற்சிங்கம் கொட்டாவி விட்டுப் புரண்டு படுத்தது.

கப்பல் தலைவர் அனுமதிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். எஸ்பஞோலாவுக்குப் போகத் துறைமுகம் கொடுத்திருந்த அனுமதி மதியம் வரைதான். தவறினால் கப்பல் வடக்குப் பாதையில் போகவேண்டும், அந்தத் தீவு இந்தப் பயணத்தில் கிடையாது. அவர் அகிலெஸின் காதில் ஏதோ சொன்னார். அகிலெஸ் தொப்பியைக் கழற்றினான். தெயோலிந்தாவிடம் வந்தான்.

"தோன்யா தெயோ, நான் இப்ப அந்தப் பக்கம் இருக்கற சதுப்பு மரத்தைக் கொஞ்ச நேரம் பாக்கப் போறேன். எல்லாரும் பாப்பாங்க. நீங்க... உங்களுக்குத் தெரியும்."

"இடம் போயிடும்னு சொன்ன?"

"நான் பாத்தாத்தானே போகும்."

"தோன் லெயோவி?"

மருந்துக்கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிஷம் அவர் சொன்னது மோசமில்லை. "மாதா மேல சத்தியமா நான் எதையும் பாக்கல தோன்யா. பாவம், அந்தப் பறவையப் பாத்துட்டு வாங்க."

கப்பல் தலைவர் திரும்பினார். யஹாய்ரா திரும்பி, பயணிகளிடம் சதுப்பு மரத்தின் வேர்களைப் பற்றி உரக்க விளக்கத் தொடங்கினாள். சந்தை முழுக்க முதுகைக் காட்டி நின்றது. எலியொதோரோ திரும்பியதோடு, பழக்கம் காரணமாகப் பிடரியையும் பொத்திக்கொண்டான். தெயோலிந்தாவின் செருப்பு பலகையில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு அதட்டல், அவ்வளவுதான் வேலை. ஊரிலேயே அதை அவளைவிடச் சுத்தமாகச் செய்யக்கூடியவர் யாரும் கிடையாது.

செருப்புச் சத்தம் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். யஹாய்ராவுக்கு வேர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது, இலைகளுக்கு வந்தாள்.

தீயணைப்பு நிலையத்தில் மதியச் சங்கு ஊதியது.

முதலில் திரும்பியவர் கப்பல் தலைவர். பிறகு எல்லாரும். தெயோலிந்தா கடற்சிங்கத்துக்கு இரண்டு மீட்டர் மேலே, பையைப் பலகையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். தூறல் அவள் மேலும் அதன் மேலும் விழுந்துகொண்டிருந்தது. அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோன்யா! மணி பன்னெண்டு! எஸ்பஞோலா போச்சு!" என்று கத்தினார் கப்பல் தலைவர்.

"தெரியும். கத்தாதீங்க, தூங்குது" என்றாள் அவள், திரும்பாமல்.